எவர் கைத் துப்பாக்கி?

அண்மையில் எமது உயர்தர வகுப்பு மாணவர் தமிழ் மன்றக் கூட்டத்திலே ஒரு விவாதம் நடத்தினர். ஐக்கிய அமெரிக்காவின் பாடசாலைகளிலும் கடைத்தெருக்களிலும் துப்பாக்கிக்கு மனிதர் பலியாகும் செய்திகளே அவர்களுக்குப் பொருளாயின. மாணவனொருவன் எழுந்து, "துவக்கு எவரிடமும் இருத்தலாகாது, பொலிசாரிடம் மட்டும் இருந்தாற் போதும்" என்று முடிவு கூறினான். சபை கைதட்டிற்று. அடுத்து எழுந்த மாணவி நீண்ட பேச்சொன்றும் பேசவில்லை. "பொலிசாரிடமிருந்து காப்பது யார்?" என்று கேட்டுவிட்டு அமர்ந்தாள். சபை அடங்கிவிட்டது.

அக்கேள்விக்கு அன்று நாம் விடை கூறவில்லை. முடிவுரை கூற எழுந்து, இரு பக்கத்தாரையும் பாராட்டிவிட்டு இறங்கினோம். ஆசிரியத் தொழிலிலே இத்தகைய பாராட்டுக்கள் பல வேளைகளிற் கோழைத்தனத்தின் மறுபெயரே. அன்று கடனாக நின்ற விடையை இங்கு எழுத முற்படுகின்றோம்.

அமெரிக்க நாட்டிலே துப்பாக்கிச் சட்டம் தோன்றிய நாள் தொட்டு, துப்பாக்கியைப் பற்றியதாக இருந்ததிலும் பார்க்க, அதனைப் பிடிக்கும் கையின் நிறத்தைப் பற்றியதாகவே பெரிதும் இருந்துவந்துள்ளது. அந்த நிறம் பார்த்துப் பிரிக்கும் வேலை பொலிசாரிடம் ஒப்படைக்கப்பட்டது. நிறவெறி, பொலிஸ், துப்பாக்கிச் சட்டம் ஆகிய மூன்றையும் தனித்தனிப் பிரச்சினைகளாகக் கொண்டு பேசுவோர், எத்துணை நல்லெண்ணம் படைத்தவராயினும், ஒரு கயிற்றின் மூன்று புரிகளையும் பிரித்துவைத்துவிட்டு இங்கே கயிறே இல்லை என்று சாதிப்பவராவர்.

வரலாற்றைப் புரட்டுவோம். வேர்ஜினியா ஆங்கிலேயரின் குடியேற்றமாக இருந்த காலத்தில், 1640 ஆம் ஆண்டிலே, அங்கு ஒரு சட்டம் பிறந்தது. நீக்ரோக்கள் நீங்கலாக ஏனையோர் யாவரும் படைக்கலமும் வெடிமருந்தும் வைத்திருத்தல் வேண்டும். இல்லாதவர் தண்டம் இறுத்தல் வேண்டும் என்பது அதன் சாரம். வெள்ளையனுக்குத் துப்பாக்கி இல்லாமையே குற்றமாயிருந்த காலம் அது. 1704 ஆம் ஆண்டிலே தென் கரோலினாக் குடியேற்றம் அடிமைகளைக் கண்காணிக்கவென ரோந்துப் படைகளை அமைத்தது. அடிமைகள் தோட்டத்தை விட்டுத் தப்பியோடாமற் பார்த்தல், கூட்டங் கூடாமற் கலைத்தல், குடிசைகளுட் புகுந்து ஆயுதம் தேடுதல் ஆகியன இத்தகைய படைகளின் கடமைகளாயின. 1739 இல் அக்குடியேற்றத்தின் ஸ்ரோனோ ஆற்றங்கரையிலே அடிமைகள் கடையொன்றை உடைத்துத் துப்பாக்கிகளைக் கைப்பற்றிக் கிளர்ந்தெழுந்தனர். கிளர்ச்சி இரத்தத்தில் அமிழ்த்தப்பட்டது. அடுத்த ஆண்டே அடிமைச் சட்டம் முன்னிலும் கடுமையாக்கப்பட்டது.

அமெரிக்கப் பொலிஸ் முழுவதும் இந்த ரோந்துப் படைகளிலிருந்தே முளைத்ததென்று கூறுவது மிகையாகும். வடபுல நகரங்களிலே அதற்கு வேறு வேர்களும் உண்டு. ஆயின் தென்புலத்து நகரங்கள் பலவற்றிலே பொலிசாகப் பின்னர் உருவெடுத்தது இக்காவலே. அந்நிலத்திலே காவற்காரனுக்கு முதன்முதல் இடப்பட்ட வேலைகளுள் ஒன்று, கறுத்த மனிதனின் குடிசையிலே துப்பாக்கி இருக்கின்றதா என்று பார்ப்பதாகும்.

அடிமையை மட்டுமே இச்சட்டங்கள் கட்டின என்றும் எண்ணற்க. 1831 இல் வேர்ஜினியாவிலே நற் ரேணர் தலைமையில் அடிமைகள் எழுந்து அடக்கப்பட்டதும், விடுதலை பெற்றிருந்த கறுப்பினத்தவரும் துப்பாக்கி வைத்திருத்தலாகாது என அம்மாநிலம் விதித்தது. தென்னசி மாநிலமோ 1834 இல் தன் அரசியல் யாப்பையே திருத்திற்று. ஆயுதந் தாங்கும் உரிமை 'சுதந்திர மனிதருக்கு' உண்டு என்றிருந்த வாசகம் 'சுதந்திர வெள்ளை மனிதருக்கு' என மாறிற்று. ஒரு சொல்தான் கூடியது. அச்சொல்லே அந்நாட்டு அரசியலின் முழுப் பொருளையும் கூறிவிட்டது. 1857 இல் டிரெட் ஸ்கொட் வழக்கிலே பிரதம நீதியரசர் ரோணி, கறுப்பினத்தவர் குடிகளாகார் என்று தீர்த்தார். அவரைக் குடிகளெனக் கொண்டால், சென்றவிடமெல்லாம் ஆயுதந் தாங்கும் உரிமையும் அவருக்கு உரித்தாகிவிடுமே என்பதும் அத்தீர்ப்பிலே எடுத்துரைக்கப்பட்ட அச்சங்களுள் ஒன்று. நீதியின் ஆசனத்திலிருந்து பேசியது அடிமை முதலாளியின் பயமே.

1865 இல் உள்நாட்டுப் போர் முடிந்தது. அடிமை முறை வீழ்ந்த அதே ஆண்டின் நவம்பர் மாதத்திலே மிசிசிப்பி மாநிலச் சட்டசபை தன் கறுப்புச் சட்டங்களை இயற்றிற்று. விடுதலை பெற்றவர் எவரும், அரசின் படைச் சேவையில் இருந்தாலன்றி, 'பொலிஸ் சபை' என அங்கு வழங்கிய மாவட்ட நிருவாக சபையின் அனுமதிப்பத்திரமில்லாது துப்பாக்கியோ வெடிமருந்தோ வைத்திருத்தலாகாது. மீறினால் 10 டொலர் வரை தண்டம். பறிக்கப்பட்ட துப்பாக்கி எவரைச் சேரும்? காட்டிக்கொடுத்தவனை! அயலவன் ஒவ்வொருவனையும் கூலியில்லாப் பொலிஸ்காரனாக்கிய இந்தத் தந்திரத்தை வாசகர் ஊன்றி நோக்குதல் வேண்டும். உழைப்பாளியின் கையிலிருந்த ஒரே காப்பு, அவனை வருத்த நினைப்பவனுக்குப் பரிசாக வழங்கப்பட்டது.

இச்சட்டங்களுக்கு எதிராகவே 1866 இல் குடியியல் உரிமைச் சட்டமும், 1868 இல் அரசியல் யாப்பின் பதினான்காம் திருத்தமும் வந்தன. சட்டத்தின் முன் யாவரும் சமம் என எழுதியாயிற்று. எழுத்தின் பெறுமதி என்ன என்பதை லூசியானா மாநிலத்துக் கொல்பாக்ஸ் என்னும் ஊர் 1873 ஏப்ரல் 13 ஆம் நாள் காட்டிற்று. அன்று ஈஸ்டர் ஞாயிறு. தேர்தற் பிணக்கொன்றிலே அவ்வூர் நீதிமன்றக் கட்டடத்தைக் காத்து நின்ற கறுப்பின மக்களை வெள்ளையர் கூட்டமொன்று பீரங்கியோடு சூழ்ந்தது. சரணடைந்தவரையும் அது சுட்டுக் கொன்றது. கொலையாளிகளுள் மூவர் மட்டுமே குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். அவர்களையும் 1876 இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. கூட்டங் கூடும் உரிமையும் ஆயுதந் தாங்கும் உரிமையும் மத்திய அரசு பறிக்காதிருப்பதற்கான உரிமைகளே. தனியார் கும்பல் பறித்தால் மாநிலத்தாரிடம் போய் முறையிடுக என்பது நீதிமன்றம் கூறிய நியாயம். எந்த மாநிலத்தாரிடம்? கும்பலின் உறவினரே ஷெரிப்பும் யூரருமாக அமர்ந்திருந்த மாநிலத்தாரிடம்!

இதன் பின்னர் சட்டத்தின் மொழி மாறியது. 'நீக்ரோ' என்ற சொல்லைச் சட்டப் புத்தகத்திலே வெளிப்படையாக எழுத இயலாதபோது, அச்சொல்லின் வேலையைப் பணம் செய்தது. 1879 இல் தென்னசியும் 1881 இல் ஆர்க்கன்சாவும், தரைப்படையும் கடற்படையும் கையாளும் பெரிய ரகம் நீங்கலாக ஏனைய கைத்துப்பாக்கிகளின் விற்பனையைத் தடுத்தன. அந்தப் பெரிய ரகம் விலை உயர்ந்தது. பழைய அடிமை அரசின் படையிலே நின்ற வெள்ளையரிடம் அது முன்னரே இருந்தது. மலிவான துப்பாக்கியைத் தடைசெய்தால் ஏழையிடம் துப்பாக்கி இராது. தென்புலத்தில் ஏழையருள்ளும் ஏழை எவன் என்பதை எவரும் எழுதிக் காட்டவேண்டியிருக்கவில்லை.

புளோரிடா மாநிலம் 1893 இலே தொடர்சுடு றைபிளைக் கொண்டுசெல்ல அனுமதிப்பத்திரமும் பிணைமுறியும் வேண்டுமென விதித்தது. 1901 இல் அச்சட்டம் கைத்துப்பாக்கிக்கும் விரிந்தது. வாசகத்திலே நிறம் பற்றிய பேச்சே இல்லை. நாற்பதாண்டு கழித்து, 1941 இல், அம்மாநில உயர் நீதிமன்றத்தின் நீதியரசர் பூபோர்ட் உண்மையை உடைத்துரைத்தார். தேவதாருப் பிசின் வடிக்கும் முகாம்களிலும் மரம் அரியும் முகாம்களிலும் வேலைக்கென வந்து குவிந்த கறுப்பினத் தொழிலாளரை நிராயுதராக்கவே அச்சட்டம் இயற்றப்பட்டது. வெள்ளையருக்கு அதனைப் பிரயோகிக்கும் எண்ணம் என்றுமே இருந்ததில்லை. பிரயோகித்ததுமில்லை என்று அவர் எழுதினார். நாட்டுப்புறத்து வெள்ளை ஆடவருள் நூற்றுக்கு 80 பேருக்கு மேல் அதனை மீறியிருப்பர் என்பது அவரது மதிப்பீடு. மீறியவன் எவன் என்பதைச் சட்டம் பாராது, அதனைக் கையாளும் அதிகாரி பார்ப்பான். எவ்வளவு பொதுவான சொற்களில் எழுதப்பட்டாலும் சட்டம் நிறவெறிக்கு ஊழியஞ் செய்ய அது போதும். புளோரிடாவில் நீதியரசர் குறிப்பிட்ட ஆட்கள் கறுப்பினத்தவர் மட்டுமல்லர். கூலித் தொழிலாளருமாவர் என்பதையும் மறத்தலாகாது. பிசின் முகாமின் முதலாளி அஞ்சியது நிறத்துக்கு மட்டுமா?

ஆர்க்கன்சாவின் எலேன் என்னும் ஊரில் 1919 இல் நடந்தது இக்கேள்விக்கு விடை. பருத்தி விளைவித்த கறுப்பினக் குத்தகை விவசாயிகள் நியாயமான விலை கேட்டுச் சங்கம் அமைத்தனர். சங்கத்தின் இரவுக் கூட்டத்தின்மீது சூடு நடந்தது. காவலுக்கு நின்றோர் திருப்பிச் சுட்டனர். உடனே 'கறுப்பர் கலகம்' என்ற கூக்குரல் எழுந்தது. அயல் மாவட்டங்களிலிருந்தும் ஆயுதத்தோடு வந்த வெள்ளையர் அவ்விவசாயிகளைப் பெருந்தொகையாகக் கொன்று குவித்தனர். வந்த அரச படையும் கறுப்பினத்தவரையே நிராயுதராக்கிச் சிறைப்பிடித்தது. மரண தண்டனை பெற்ற பன்னிருவரும் கறுப்பினத்தவர். 1923 இல் உயர் நீதிமன்றம் தலையிட்ட பின்னரே அவர்களின் விடுதலைக்கு வழி பிறந்தது.

இஃது அமெரிக்கருக்கே உரிய தனிநோய் என்று எண்ணி நாம் ஆறுதலடைய இடமில்லை. ஏகாதிபத்தியம் சென்றவிடமெல்லாம் இச்சட்டமும் சென்றது. 1878 ஆம் ஆண்டையே எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டிலே தென்னாபிரிக்காவின் கேப் குடியேற்ற அரசு 'சமாதானப் பாதுகாப்புச் சட்டம்' என்ற அழகிய பெயரிலே ஆபிரிக்க மக்களின் துப்பாக்கிகளைப் பறிக்கச் சட்டஞ் செய்தது. பசூட்டோ மக்கள் கிம்பர்லி வைரச் சுரங்கங்களிலே உழைத்த கூலியாற் பெற்ற துப்பாக்கிகள் அவை. அவர்கள் ஒப்படைக்க மறுத்தனர். 1880 இல் தொடங்கிய 'துப்பாக்கிப் போர்' கேப் அரசால் வெல்ல முடியாததாய் முடிந்தது. 1884 இல் அவ்வரசு அந்நாட்டு ஆட்சியையே கைவிட்டது. அதே 1878 இலே இந்தியாவில் லிற்றன் பிரபுவின் ஆட்சி ஆயுதச் சட்டத்தை இயற்றிற்று. இந்தியனுக்கு அனுமதிப்பத்திரம், ஐரோப்பியனுக்கு விலக்கு. சுதேச மொழிப் பத்திரிகைகளின் வாயை அடைத்த சட்டமும் அவ்வாண்டுக்குரியதே. 1887 இல் சென்னையிலே கூடிய இந்திய தேசிய காங்கிரஸ் மகாசபையில் விபின் சந்திர பாலர் ஆயுதச் சட்டத்தை எதிர்த்து முழங்கியமை எமது அயலிலே நிகழ்ந்த செய்தி. வெடிமருந்தையும் அச்செழுத்தையும் ஆள்வோர் ஒரே தராசில் நிறுத்தியமை தற்செயலாகுமா?

மீண்டும் அமெரிக்காவுக்கு வருவோம். 1956 ஜனவரியில் மொன்ற்கொமரி நகரிலே மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டுக்குக் குண்டு வீசப்பட்டது. அகிம்சையின் திருவுருவாக உலகம் போற்றும் அவர், தம்மையும் குடும்பத்தையும் காக்கத் துப்பாக்கி தாங்கும் அனுமதிப்பத்திரம் கேட்டு விண்ணப்பித்தார். மறுக்கப்பட்டது. அனுமதிக்குத் 'தகுந்தவர்' யார் என்று தீர்மானிக்கும் அதிகாரம் அவரை வெறுத்த அதிகாரிகளிடமே இருந்தது. அவரே தகுந்தவரல்லர் என்றால் அந்நகரிலே தகுந்த கறுப்பினத்தவர் வேறு எவர்?

பத்தாண்டுகளின் பின்னர், 1966 அக்டோபரில், கலிபோர்ணியாவின் ஓக்லண்ட் நகரிலே ஹியூயி நியூட்டனும் பொபி சீலும் கருஞ்சிறுத்தைக் கட்சியைத் தோற்றுவித்தனர். நிரப்பிய துப்பாக்கியை மறைக்காமல் ஏந்துவதை அம்மாநிலச் சட்டம் அப்போது அனுமதித்தது. அவர்கள் அவ்வாறே ஏந்தி, பொலிஸ் வண்டிகளைப் பின்தொடர்ந்து, கறுப்பின மக்களைப் பொலிசார் நடத்தும் முறையைச் சட்ட எல்லைக்குள் நின்று கண்காணித்தனர். சில மாதங்களுள் மல்போர்ட் என்னும் சட்டசபை உறுப்பினர் அவ்வுரிமையை நீக்கும் மசோதாவைக் கொணர்ந்தார். 1967 மே 2 ஆம் நாள் ஏறத்தாழ முப்பது பேர் துப்பாக்கிகளோடு சாக்ரமென்டோச் சட்டசபைக் கட்டடத்துள் நுழைந்து அதனை எதிர்த்தனர். ஜூலையிலே மசோதா சட்டமாயிற்று. ஒப்பமிட்ட ஆளுநர் ரொனால்ட் றேகன். ஆதரவு நல்கியது தேசிய றைபிள் சங்கம். அதே சங்கம் 1980 இல், தன் வரலாற்றிலே முதன்முறையாக ஜனாதிபதி வேட்பாளர் ஒருவரைத் துப்பாக்கி உரிமையின் காவலரென ஆதரித்தது. அவ்வேட்பாளர் யார்? அதே றேகன்! பதின்மூன்று ஆண்டுகளில் அவர் கொள்கை மாறிவிட்டது என்று கொள்ளவேண்டியதில்லை. நினைவில் நின்ற கைகளின் நிறந்தான் மாறிற்று.

1969 டிசம்பர் 4 ஆம் நாள் விடியுமுன் சிகாக்கோ நகரிலே பொலிசார் கருஞ்சிறுத்தைக் கட்சியின் வாசஸ்தலமொன்றுட் புகுந்தனர். கையிலிருந்தது சட்டவிரோத ஆயுதங்களைத் தேடும் கட்டளை. சுடப்பட்ட எண்பதுக்கு மேற்பட்ட வேட்டுக்களுள், உள்ளிருந்தோர் சுட்டது ஒன்றுக்கு மேலில்லை எனப் பின்னர் சமஷ்டி யூரர் சபை கண்டது. இருபத்தொரு வயதுத் தலைவர் பிரெட் ஹம்ரன் படுக்கையிலேயே மாண்டார்; மார்க் கிளார்க் என்னும் தோழரும் மாண்டார். 1982 இல் மத்திய அரசும் மாவட்டமும் நகரமும் சேர்ந்து 18 இலட்சத்து 50 ஆயிரம் டொலர் வழங்க இசைந்தன. தண்டனை பெற்றவர் ஒருவருமிலர். 1704 இன் ரோந்துக்காரன் குடிசையுட் புகுந்து தேடியதும் ஆயுதமே என்பதை இங்கு நினைவிற் கொள்க.

இவை பழங்கதைகள் என்பார்க்கு அண்மைக்காலக் கணக்கொன்று தருவோம். நியூயோர்க் பொலிசார் 2004 ஜனவரிக்கும் 2012 ஜூனுக்கும் இடையே தெருவிலே மனிதரை மறித்த தடவைகள் 44 இலட்சம். மறிக்கப்பட்டோருள் 83 வீதத்தினர் கறுப்பினத்தவரும் இஸ்பானியரும். 23 இலட்சம் தடவை உடல் தடவிச் சோதித்தனர், அவற்றுள் 98.5 வீதமான சோதனைகளில் ஆயுதம் எதுவும் அகப்படவில்லை. 2013 இல் நீதிமன்றம் இந்நடைமுறையை யாப்புக்கு முரணானதெனக் கண்டது. துப்பாக்கியைத் தேடுகின்றோம் என்றனர். கண்டுபிடித்ததெல்லாம் இளைஞரை அவமதிக்கும் வழியையே. சோதனைச் சாவடியிலே பெயரையும் ஊரையும் கூறிவிட்டுக் கையுயர்த்தி நின்ற அனுபவமுடைய எம்மவருக்கு இக்கணக்கை மேலும் விளக்கவேண்டுமா?

2016 ஜூலையில் மினசோட்டா மாநிலத்திலே பொலிஸ் அதிகாரி ஒரு மோட்டார் வண்டியை மறித்தார். ஓட்டிவந்த பிலாண்டோ காஸ்டில் பாடசாலையொன்றிலே பிள்ளைகளின் உணவு வேலைகளை மேற்பார்வை செய்தவர். தம்மிடம் துப்பாக்கி உண்டு என்று அவர் பணிவோடு முன்கூட்டியே அறிவித்தார். அனுமதிப்பத்திரமும் அவருக்கு இருந்தது. அடுத்த கணங்களில் அவர் சுடப்பட்டார். பின் ஆசனத்திலே நான்கு வயதுக் குழந்தை இருந்தது. அதிகாரி 2017 இல் விடுதலையானார். சட்டம் கேட்ட யாவற்றையும் செய்தவருக்குச் சட்டம் தந்த காப்பு இதுவே.

இனி எதிர்ப்பக்கத்தாருக்கு வருவோம். துப்பாக்கி வணிகரின் பேச்சாளர் இவ்வரலாற்றை இன்று மனப்பாடமாக ஒப்புவித்து, ஆகவே துப்பாக்கிக்குக் கட்டுப்பாடே வேண்டாம் என்கின்றனர். 1967 இல் அவர்கள் நின்ற பக்கத்தை மேலே கண்டோம். கறுப்பின மக்களின் துன்பம் அவர்களுக்கு விற்பனை விளம்பரம். இறக்குமதியாகும் கண்ணீரை நாம் ஏற்பதற்கில்லை.

நல்லெண்ணங் கொண்ட தாராளவாதிகளோ, சட்டத்துக்கு நிறமில்லை, கடுமையான சட்டம் செய்தாற் போதும் என்கின்றனர். நியூயோர்க்கின் அனுமதிப்பத்திர முறை 2021 இல் உயர் நீதிமன்றத்திலே வழக்காடப்பட்டபோது, ஏழைகளுக்காக வாதாடும் கறுப்பினச் சட்டத்தரணிகள் அம்முறைக்கு எதிராகவே வாக்குமூலம் சமர்ப்பித்தனர். அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருந்ததற்காகச் சிறை செல்வோர் பெரும்பாலும் தம் கட்சிக்காரரான கறுப்பின, இஸ்பானிய ஏழைகளே என்பது அவர்கள் கண்ட உண்மை. இதனைத் தாராளவாதிகள் ஏன் காதில் வாங்கவில்லை?

எமது அணியிலேயே சில இளைஞருக்குத் துப்பாக்கி மீது ஒரு கவிதை மயக்கம் உண்டு. அவர்கள் ஐடா வெல்சின் வரலாற்றைப் படிக்கவேண்டும். 1892 இல் மெம்பிஸ் நகரிலே, வெள்ளைக் கடைக்காரனோடு போட்டியிட்ட குற்றத்துக்காக அவருடைய நண்பரும் வேறு இருவரும் கும்பலாற் கொல்லப்பட்டனர். ஒவ்வொரு கறுப்பின வீட்டிலும் றைபிளுக்கு மதிப்பான இடம் வேண்டுமென எழுதியவர் வெல்ஸ். அவரே அம்மக்களை நகரை விட்டு வெளியேறவும் டிராம் வண்டிகளைப் பகிஷ்கரிக்கவும் தூண்டினார். முதலாளியின் வருமானம் வீழ்ந்தது. அவருடைய பத்திரிகைக் காரியாலயத்தைக் கும்பல் அழித்தது, பேனா நிற்கவில்லை. கொல்பாக்சிலே துப்பாக்கி இருந்தும் மக்கள் மாண்டனர். வீட்டைக் காக்கத் துப்பாக்கி உதவலாம். சமுதாயத்தை மாற்றுவது அமைப்பாகத் திரண்ட மக்களே.

அப்படியாயின் கட்டுப்பாடு வேண்டாமா? வேண்டும். பிள்ளைகள் வகுப்பறையிலே மடியும்போது ஆசிரியரான நாம் வேறென்ன கூறமுடியும்? ஆயின் கட்டுப்பாடு மேலிருந்து தொடங்குதல் வேண்டும். 2005 இல் அந்நாட்டுக் காங்கிரஸ் இயற்றிய சட்டம், தம் துப்பாக்கியால் நேர்ந்த குற்றங்களுக்காகப் பெரும்பாலான வழக்குகளிலிருந்து உற்பத்தியாளரையும் விற்பனையாளரையும் காக்கின்றது. வாங்கி வைத்திருந்த ஏழைக்குச் சிறை. செய்து விற்றவனுக்குக் கவசம். இக்கவசம் முதலிற் கழற்றப்படுக. அனுமதி வழங்குவது அதிகாரியின் விருப்பு வெறுப்புக்கு விடப்படாது, எவருக்கும் ஒன்றான வெளிப்படை விதிகளால் நடைபெறுக. எல்லாவற்றுக்கும் மேலாக, பொலிசான் கையிலுள்ளதும் துப்பாக்கியே என்பதைச் சட்டம் ஒப்புக்கொள்க. அதிலிருந்து வெளியேறும் ஒவ்வொரு வேட்டுக்கும், பொலிஸ் திணைக்களத்துக்குக் கட்டுப்படாத மக்கள் சபையொன்றின் முன் கணக்குக் காட்டப்படுக. இவற்றைச் செய்யாது எளியவனின் வீட்டை மட்டும் சோதிக்கும் சட்டம், பெயர் எதுவாயினும், பழைய ரோந்துச் சட்டமே.

"பொலிசாரிடமிருந்து காப்பது யார்?" என்று கேட்ட மாணவிக்கு எமது விடை இது: கேட்டுக்கொண்டே இருக்கும் மக்கள். அவளது கேள்விக்குச் சபை கைதட்டவில்லை என்பது எமக்கு உறுத்துகின்றது. அடுத்த தவணை மன்றத்திலே அதே பொருளை மீண்டும் விவாதத்துக்கு வைக்கப்போகின்றோம். இம்முறை முதற் பேச்சாளர் அவளே.